சுறா சுற்றும் நீலக்கடலில் பெரிய மீனை ஈட்டியால் அடிப்பது எப்படி

கரையோரப் பாறை இடுக்குகளில் மீன் அடித்துப் பழகியவர்களுக்கு ஒரு கட்டத்தில் இந்த ஆசை வந்துவிடும். ரப்பரின் விசையில் ஈட்டியை எய்கிற துப்பாக்கி, அதில் கொஞ்சம் நீளமானதாக ஒன்று வாங்கிக்கொண்டு, அடி தெரியாத நீலக்கடலுக்குப் போய் ஒரு பெரிய சூரையை அடித்துவிட வேண்டும். ஆசையில் தப்பில்லை, ஆனால் அங்கே ஆட்டமே வேறு. பிடித்து நிற்க ஒரு கல் கிடையாது, தூரத்தைக் கண்ணால் அளக்க ஒரு அடையாளம் கிடையாது, நாற்பது கிலோ மீன் ஒன்று ஈட்டியோடு கீழே இறங்க ஆரம்பித்தால் அதை நிறுத்த உங்கள் கைக்குச் சக்தி கிடையாது. போதாக்குறைக்கு, ஈட்டி விட்ட சத்தம் அடங்குவதற்குள் சுறா வந்து நிற்கும்.

மூச்சடக்கி 15 மீட்டராவது சிரமமில்லாமல் இறங்கி ஏறத் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அது இன்னும் கைவரவில்லை என்றால், முறையான மூச்சடக்கு முக்குளிப்பு வகுப்பு ஒன்றை முடித்துவிட்டு வாருங்கள். துப்பாக்கியை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.

இத்தனை வருடத்தில் நான் புரிந்துகொண்டது இதுதான்: ஈட்டி மீனில் பாய்ந்த நொடியில் ஒரு கடிகாரம் ஓட ஆரம்பிக்கிறது, மீன் படகுத் தட்டில் விழும்போதுதான் அது நிற்கிறது. இடைப்பட்ட நேரம் முழுக்க நீங்களும் சுறாவும் ஒரே பந்தியில், ஒரே இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறீர்கள். எந்தத் துப்பாக்கி, எவ்வளவு கயிறு, எத்தனை மிதவை, மீனை எங்கே அடிப்பது, எந்த மீனை விட்டுவிடுவது என்று எல்லாமே அந்த நேரத்தைக் குறைப்பதற்காகத்தான்.

சுறா ஏன் இவ்வளவு சீக்கிரம் வருகிறது

ரத்தம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ரத்த வாடை நீரோட்டத்தோடு பரவித்தான் போக வேண்டும், அதற்கு நேரம் ஆகும், அதுவும் ஓட்டம் போகிற திசையில் மட்டும்தான் போகும். முதலில் போய்ச் சேர்வது சத்தம். டொனால்ட் நெல்சன், சாமுவேல் க்ரூபர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1963-லேயே இதைச் சோதித்துப் பார்த்தார்கள். அடிபட்ட மீன் துடிப்பது போல விட்டு விட்டு அதிர்கிற தாழ்ந்த ஒலியைக் கடலுக்குள் ஒலிக்கவிட்டால், அங்கே மீனும் இல்லை, ரத்தமும் இல்லை என்றாலும் சுறா வந்துவிடுகிறது. நீங்கள் குத்திய மீன் நொடிக்கு நொடி அந்த ஒலியைத்தான் எழுப்பிக்கொண்டிருக்கிறது. அடிக்கடி வேட்டை நடக்கிற இடங்களில் ரப்பர் விடுபடும் ‘டப்’ சத்தத்துக்கே சுறா திரும்பிப் பார்ப்பதை நான் பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூட மணி மாதிரி பழகிவிடுகிறது அதற்கு.

அதனால்தான் நடுமுள்ளில் பட்டு அப்படியே விறைத்துப்போன மீனுக்கும், வயிற்றில் பட்டு இருபது நிமிடம் துடிக்கிற மீனுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். முதல் மீன் சத்தம் போடுவதில்லை.

துப்பாக்கியும் கயிறும்

நீலக்கடலுக்கு 130 செ.மீ.-க்குக் குறையாத, கனமான மரத் துப்பாக்கி நல்லது. 16 மி.மீ. ரப்பர் மூன்று முதல் ஐந்து வரை பூட்டியிருப்பார்கள். கனம் எதற்கு என்றால், அத்தனை ரப்பர் ஒரே நேரத்தில் விடுபடும்போது லேசான துப்பாக்கி பின்னால் உதைத்து ஈட்டியின் குறியைக் கெடுத்துவிடும். ஈட்டி 8 முதல் 9.5 மி.மீ. தடிமன். முனை கழன்றுகொள்ளும் வகையாக இருக்க வேண்டும், இதில் சமரசமே வேண்டாம். முனை மீனைத் துளைத்து மறுபக்கம் வந்ததும் ஈட்டியை விட்டுக் கழன்று, சட்டைப் பொத்தான் துளைக்கு வெளியே குறுக்கே நிற்பது போல நின்றுகொள்ளும். ஈட்டிக் கம்பி தனியாகத் தொங்கும், மீன் எவ்வளவு முறுக்கினாலும் துளை பெரிதாகாது. சூரையின் சதை மெத்தென்று இருக்கும். சாதாரணக் கொக்கி ஈட்டி போட்டால் பாதிக்குப் பாதி கிழித்துக்கொண்டு போய்விடும், போன மீன் உங்களுக்கும் இல்லை, கடலில் பிழைப்பதும் இல்லை.

கயிறு துப்பாக்கியோடு கட்டப்பட்டிருக்கக் கூடாது. ஈட்டியின் கயிறு, துப்பாக்கியில் லேசாகச் சொருகிவைத்திருக்கும் மிதவைக் கயிற்றோடு சேர்ந்திருக்கும். மீன் இழுத்ததும் அது தானாகக் கழன்று மீனோடு போய்விடும், துப்பாக்கி உங்கள் கையிலேயே இருக்கும். அந்தத் துப்பாக்கி அப்புறம் இன்னொரு வேலைக்குத் தேவைப்படும், சொல்கிறேன்.

மிதவைக் கயிற்றில் ஒரு பகுதி ரப்பர் போல நீளும் வகை. சூரை, வாகூ மாதிரி ஓடுகிற மீனுக்கு அது நல்லது. முதல் ஓட்டத்தின் வெடுக்கென்ற இழுப்பை அது வாங்கிக்கொள்ளும், சதை கிழியாது. ஆனால் டாக்டூத் என்கிற நாய்ப்பல் சூரைக்கு நீளும் கயிறு உதவாது. அது பட்டதும் நேராக அடியில் இருக்கும் பார், அதாவது கடலடிப் பாறைத் திட்டு, அதை நோக்கிப் பாய்ந்து, கல்லில் கயிற்றை உரசி அறுத்துவிடும். அதற்கு நீளாத கயிறும், முதல் சில மீட்டரிலேயே பிடித்து நிறுத்துகிற பெரிய மிதவையும் வேண்டும். சுறா அதிகமுள்ள இடத்திலும் நான் இந்த முறைக்குத்தான் மாறிவிடுகிறேன். சில மீன் கிழித்துக்கொண்டு போகும், போகட்டும். நீளமாக விட்டு விளையாடினால் சுறாவுக்குத்தான் பரிமாறுகிறோம்.

மிதவையைப் பற்றி ஒரு கணக்கு. 35 லிட்டர் மிதவை கிட்டத்தட்ட 35 கிலோ மேல்நோக்கி இழுக்கும். ஆனால் தொளதொளவென்று காற்றடித்த மிதவையை மீன் 10 மீட்டர் ஆழத்துக்கு இழுத்துப்போனால், அங்கே அழுத்தம் இரண்டு மடங்கு, காற்று பாதியாகச் சுருங்கிவிடும், இழுவையும் பாதியாகிவிடும். அதனால் அதிக அழுத்தம் தாங்கும் மிதவையை வாங்கி, கல்லு மாதிரி இறுகும்வரை காற்றடியுங்கள். ஒன்று போதாது, சங்கிலி மாதிரி இரண்டு கட்டுங்கள்.

அந்த மிதவையை உங்கள் இடுப்பில் கட்டாதீர்கள். ஆஸ்திரேலியாவின் ராட்னி ஃபாக்ஸ் கதையை ஈட்டி பிடிக்கிறவன் ஒவ்வொருவனும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். 1963 டிசம்பரில், அடிலெய்டுக்குத் தெற்கே ஆல்டிங்கா கடற்கரையில் நடந்த ஈட்டி மீன்வேட்டைப் போட்டியில் பெரிய வெள்ளைச் சுறா அவரைக் கவ்வியது. விலா நொறுங்கி, நுரையீரல் வெளியே தெரிய, எப்படியோ அதன் வாயிலிருந்து விடுபட்டு மேலே வந்தவரை விட்டுவிட்டு அது மிதவையை விழுங்கியது. மிதவைக் கயிறு அவர் பெல்ட்டில் கட்டியிருந்தது. சுறா கீழே போக, அவரும் கூடவே போனார். நல்ல நேரம், கயிறு அறுந்தது. அவர் பிழைத்து, பின்னாளில் வெள்ளைச் சுறாவைக் கூண்டுக்குள் இருந்து பார்க்கும் முறைக்கு முன்னோடி ஆனார். எல்லாக் கயிறும் அப்படி நேரம் பார்த்து அறுந்து கொடுக்காது. கயிறு உங்கள் கையில் சுற்றியிருக்கக் கூடாது, காலுக்கு இடையில் போகக் கூடாது, அடித்த மீனை உடம்பில் எங்கேயும் மாட்டக் கூடாது. இரண்டு கத்தி வேண்டும், ஒன்று இடது கைக்கு எட்டுகிற இடத்தில், ஒன்று வலது கைக்கு.

துப்பாக்கியின் ரப்பரைத் தண்ணீரில் இறங்கிய பிறகுதான் இழுத்துப் பூட்ட வேண்டும், படகில் ஏறும் முன் ரப்பரைக் கழற்றிவிட வேண்டும். இதை மீறுகிற ஆளோடு நான் இரண்டாவது முறை கடலுக்குப் போவதில்லை.

மூச்சு

ஈட்டி வேட்டைக்காரர்களை அதிகம் கொன்றது சுறா அல்ல, மயக்கம். அதுவும் ஆழத்தில் அல்ல, ஏறி வரும்போது கடைசி 10 மீட்டரிலும், தலை வெளியே வந்து முதல் மூச்சு இழுத்த பிறகும். 30 மீட்டரில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல நான்கு மடங்கு, அதனால் நுரையீரலில் மிச்சமிருக்கும் கொஞ்ச ஆக்சிஜனும் ரத்தத்துக்குள் நன்றாகப் போய்ச் சேர்கிறது. ஏற ஏற அழுத்தம் விழுகிறது, மூளைக்குப் போகிற ஆக்சிஜன் சடாரென்று குறைகிறது, விளக்கை அணைத்தது போல ஆள் அணைந்துவிடுவான். முன்கூட்டி எந்த எச்சரிக்கையும் வராது. இறங்கும் முன் வேகவேகமாக மூச்சு இழுத்து விட்டால் இன்னும் மோசம், மூச்சு முட்டுகிற உணர்வைத் தருவது கார்பன் டை ஆக்சைடு, அதைத்தான் நீங்கள் ஊதி வெளியேற்றுகிறீர்கள்.

ஒருவர் கீழே, ஒருவர் மேலே. இரண்டு பேருக்கு ஒரே ஒரு பூட்டிய துப்பாக்கி இருந்தால் இந்த விதி தானாகவே நடக்கும். கீழே போனவர் மேலே வந்த பிறகும் 30 வினாடி அவர் முகத்தையே பாருங்கள், மீனைப் பார்க்காதீர்கள். முங்கியிருந்த நேரத்தைப் போல இரண்டு மடங்காவது மேலே ஓய்வு, ஆழம் கூடினால் அதற்கும் மேல். மயங்கிவிட்டால் வாயும் மூக்கும் தண்ணீருக்கு மேலே இருக்கும்படி பிடித்து, மாஸ்க்கைக் கழற்றி, கன்னத்தில் தட்டி, முகத்தில் ஊதி, பேர் சொல்லி மூச்சு விடச் சொல்லுங்கள்.

சுறாவும் இதில் சம்பந்தப்பட்டதுதான். மீனை அடித்து மேலே வருகிறீர்கள், கீழே சுறா மீனை நெருங்குகிறது, பதறிப்போய் ஓய்வெடுக்காமல் மறுபடி இறங்குகிறீர்கள். நல்ல வேட்டைக்காரர்கள் இப்படித்தான் போயிருக்கிறார்கள். மீனைச் சுறா தின்றால் தின்றுவிட்டுப் போகட்டும்.

அடிப்பது

பாரின் விளிம்பு சடக்கென்று ஆழத்தில் விழுகிற இடம், அதிலும் நீரோட்டம் வந்து மோதுகிற முனை, அங்கேதான் இரைமீன் கூடும், பெரிய மீனும் வரும். படகை நங்கூரம் போடாமல் மிதக்கவிட்டு, நீரோட்டம் வருகிற பக்கத்தில் இறங்கி அந்த முனையைக் கடந்து மிதந்து போங்கள். படகோட்டுபவர் கண் எப்போதும் உங்கள் மேல் இருக்க வேண்டும். அவர் தூண்டில் போட்டுக்கொண்டிருக்கக் கூடாது.

பளபளக்கும் தகடுகளைக் கோத்த மினுக்கித் தோரணத்தைத் தொங்கவிட்டால் சூரையும் வாகூவும் என்னவென்று பார்க்க வரும். மீன் துண்டு வெட்டிப் போடுவதும் ஒரு வழி, ஆனால் சுறா ஏற்கெனவே தெரிகிற இடத்தில் நான் அதைத் தொடுவதில்லை.

மீன் தெரிந்ததும் அதை நோக்கி நீந்தினால் போய்விடும். அதன் கண்ணை நேராகப் பார்க்காமல், போகிற வழிக்குக் குறுக்கே ஒரு பக்கமாக, அவசரமில்லாத ஆள் மாதிரி இறங்குங்கள். அது வட்டமடித்து ஓரம் காட்டும்வரை காத்திருங்கள். நீலத்தில் தூரம் ஏமாற்றும், பெரிய மீன் எப்போதும் பக்கத்தில் இருப்பதாகவே தெரியும். என் அளவுகோல் கண்தான்: கண்ணின் கருவிழி தனியாகத் தெரிய வேண்டும். ஈட்டி முனையிலிருந்து 4, 5 மீட்டருக்கு மேல் நான் விடுவதில்லை. சூரைக்குச் செவுள் மூடிக்குச் சற்றுப் பின்னால், பக்கவாட்டுக் கோட்டை ஒட்டி, நடுமுள்ளைக் குறிவைத்து. மீன் லேசாக உங்களை விட்டு விலகித் திரும்பியிருக்கும் கோணம் சிறந்தது. தலைக்கு நேராக வருகிற மீனை விடுங்கள், மண்டை எலும்பில் வழுக்கிக்கொண்டு போகும்.

விரலை அழுத்துவதற்கு முன் ஒரு முறை சுற்றிலும், காலுக்குக் கீழேயும் பாருங்கள். எத்தனை சுறா, எவ்வளவு ஆழத்தில், எந்த வேகத்தில்? கீழே தூரத்தில் இரண்டு சும்மா திரிகிறதென்றால் சரி. மூன்று நான்கு மேலே ஏறி வட்டத்தைச் சுருக்கிக்கொண்டிருந்தால், எவ்வளவு பெரிய மீன் எதிரில் நின்றாலும் அன்றைக்கு அது உங்களுடையது அல்ல.

அடித்த பிறகு

ஒரு முறை வாகூ ஒன்றை வாலுக்கு ஒரு முழம் முன்னால் அடித்தேன். மோசமான அடி என்று விட்ட கணமே தெரிந்தது. மிதவை இரண்டும் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடின, நான் பின்னாலேயே நீந்திப்போய்க் கயிற்றைப் பிடித்தேன். கீழே இரண்டு பட்டுச் சுறா இருந்தன. கயிற்றை இழுக்க இழுக்க அது நான்காகி ஏழாகியது. எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை, நீலத்துக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக உருவானது போல இருந்தது. கையில் கயிறு ‘டக், டக்’ என்று இரண்டு முறை குதித்தது. அப்புறம் கனமே இல்லை. இழுத்துப் பார்த்தால் தலை மட்டும் வந்தது, வெட்டு கத்தரிக்கோலால் நறுக்கியதுபோல் சுத்தமான அரைவட்டம், தாடை இன்னும் திறந்து மூடிக்கொண்டிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தபோது கூட்டாளி என் காலைப் பிடித்து இழுத்தார். என் கால் ஃபின்னுக்கு ஒரு மீட்டர் கீழே எட்டாவது நின்றிருந்தது.

அன்றைக்கு நான் செய்த தவறு ஒன்றல்ல, ஆனால் பெரியது இது: கயிறு இழுக்கிறவன் மீனைத்தான் பார்ப்பான், வேறெதையும் பார்க்க மாட்டான். அதனால் ஒருவர் இழுக்க, மற்றவர் முதுகோடு முதுகு ஒட்டி நின்று, மீனையே பார்க்காமல் சுறாவை மட்டும் பார்க்க வேண்டும். அதைவிட நல்லது, மிதவையைப் படகோட்டியிடம் கொடுத்துவிட்டு இருவரும் படகில் ஏறி அங்கிருந்து இழுப்பது. வீரம் குறைச்சல் என்று சிலர் சொல்வார்கள், சொல்லட்டும். தண்ணீரிலேயே இழுக்க வேண்டிவந்தால், மீன் கைக்கு வந்ததும் செவுளுக்குள் கை விட்டுப் பிடித்து, கண்ணுக்குச் சற்றுப் பின்னால், மேலே, மூளையில் கத்தியை இறக்குங்கள். துடிப்பு நிற்க வேண்டும், அவ்வளவுதான். செவுளை அறுத்து ரத்தம் வடிப்பதெல்லாம் படகில் ஏறிய பிறகு.

சுறா நெருங்கினால் அதை நேருக்கு நேர் பாருங்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டு காலடித்து ஓடுவதுதான் இரை செய்கிற வேலை. அதை நோக்கி ஓர் அடி முன்னால் போனாலே பெரும்பாலும் விலகும். இன்னும் நெருங்கினால் கையில் இருக்கும் காலித் துப்பாக்கியால் மூக்கைத் தள்ளுங்கள், துப்பாக்கி கையிலேயே இருக்க வேண்டும் என்று சொன்னது இதற்காகத்தான். ஈட்டியால் குத்தாதீர்கள். குத்திய சுறா உங்கள் கயிற்றின் மறுமுனையில் இருக்கும், பக்கத்தில் இருப்பவையும் வெறிகொள்ளும். பல இனங்களைக் கொல்வது பல நாடுகளில் சட்டப்படி குற்றமும்கூட.

எல்லாச் சுறாவும் ஒன்றல்ல. சாம்பல் பார்ச்சுறா மிரட்டும்போது முதுகை வளைத்து, மார்புத் துடுப்பைக் கீழே இறக்கி, உடம்பையே ஆட்டி ஆட்டி நீந்தும். அது நாட்டியம் இல்லை, ‘போய்விடு’ என்கிறது. அதை மூலையில் நெருக்காமல், கண்ணை எடுக்காமல் பின்வாங்குங்கள். ஆழ்கடல் வெள்ளைமுனைச் சுறா மிரட்டவே மிரட்டாது, நிதானமாக வந்து உரசிப் பார்க்கும், தள்ளினாலும் திரும்பத் திரும்ப வரும். காளைச் சுறாவும் புலிச் சுறாவும் பார்வையில் படாமல் பின்னாலிருந்து வருவதில் கெட்டிக்காரர்கள். இந்த மூன்றில் எது வந்தாலும் நான் வெளியே வந்துவிடுகிறேன்.

மீனைச் சுறா கவ்விவிட்டால் கயிற்றை விட்டுவிடுங்கள். இழுத்துப் பறிக்கப் பார்க்காதீர்கள். மிதவை எப்படியும் மேலே இருக்கும், ஈட்டியை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம்.

சுறாவை விரட்டும் கருவிகளைப் பற்றிப் பலர் கேட்பார்கள். ஆஸ்திரேலியாவில் ஐந்து கருவிகளை வெள்ளைச் சுறாவிடம் சோதித்து 2018-இல் வெளியிட்டார்கள். மின்புலம் உண்டாக்கும் கருவி ஒன்று, இரையைச் சுறா எடுப்பதை 96 சதவீதத்திலிருந்து 40 சதவீதமாகக் குறைத்தது. காந்தப் பட்டை, அலைச்சறுக்குப் பலகையில் பூசும் மெழுகு வகைகள் பெரிதாக எதையும் செய்யவில்லை. நன்றாகப் பார்த்தால், சிறந்த கருவியே பத்துக்கு நான்கு தடவை தோற்கிறது. சர்ஃபர்களுக்காகச் செய்த சோதனை அது, பக்கத்தில் துடிக்கிற மீன் ஒன்று இருந்தால் கணக்கு இன்னும் மாறலாம். இருந்தால் மாட்டிக்கொள்ளுங்கள், அதை நம்பி ஈட்டி விடாதீர்கள்.

படகில்

டூர்னிகே என்கிற இறுக்குப் பட்டை இரண்டு வைத்திருங்கள், ஒன்று படகில், ஒன்று மிதவையில் கட்டிய பையில். சுறாக் கடியில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் ரத்த இழப்புதான், சில நிமிடங்களிலேயே. கை காலில் கடி என்றால் காயத்துக்கு 5 முதல் 7 செ.மீ. மேலே, மூட்டின் மேல் படாமல் கட்டி, ரத்தம் நிற்கும்வரை முறுக்குங்கள். அலறுவார், வலிக்கும், நிறுத்தாதீர்கள். கட்டிய நேரத்தை எழுதிவையுங்கள், மருத்துவரிடம் போகும்வரை தளர்த்தாதீர்கள். வீட்டில் உட்கார்ந்து ஒருவர் தொடையில் ஒருவர் பத்து முறை கட்டிப் பழகுங்கள், ஈரக் கையோடும் ஒரு முறை.

மீன் ஏறியதும் ரத்தம் வடித்து, குடலை எடுத்து, உடனே ஐஸில் புதையுங்கள். சூரையை வெயிலில் கிடத்தினால் சதையில் ஹிஸ்டமின் ஏறிவிடும், சமைத்தாலும் போகாது, சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து தலை வெடிக்கும். குடலையும் ரத்தத் தண்ணீரையும் அடுத்து இறங்கப் போகிற இடத்தில் கொட்டாதீர்கள். சிரிக்காதீர்கள், கொட்டுகிறார்கள். ஒரு மீன் ஏறியதும் நாங்கள் மூன்று நான்கு கிலோமீட்டராவது தள்ளிப்போய்விட்டுத்தான் மறுபடி இறங்குகிறோம். சுறா முழித்துக்கொண்ட இடத்தில் இரண்டாவது மீன் அநேகமாக உங்கள் கைக்கு முழுசாக வராது.